நாவலாசிரியரே விற்பனையாளர்: தமிழ் நாவல் வாசகரைத் தேடிய வரலாறு

தமிழ் நாவலின் வரலாறு பெரும்பாலும் எழுதியவர்களின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. எந்த நாவல் முதலில் வந்தது, எதில் எந்த உத்தி அமைந்தது என்பவை பாடநூல்களில் உள்ளன. அந்த நாவல்கள் வாசகரின் கைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தன, அதற்கு யார் திட்டமிட்டார்கள், யார் பணம் போட்டார்கள் என்பவை குறைவாகவே பேசப்படுகின்றன. தமிழில் நாவலை எழுதியவரே பல நேரங்களில் அதை அச்சிட்டார், விளம்பரம் செய்தார், விற்றார். சிலர் சுமந்தும் சென்றார்கள். இக்கட்டுரை 1879 முதல் இன்று வரை தமிழ் நாவலாசிரியர்கள் தம் நூலைப் பரப்ப மேற்கொண்ட வழிகளைத் தொகுத்துக் கூறுகிறது. பழனி மலையின் அடிவாரத்தில் வளர்ந்த எழுத்தாளரான சி.சு. செல்லப்பா இதன் மையமாக அமைகிறார்.

மலையடிவார ஊர்

கொடைக்கானலுக்கு ஏறும் பாதைகளில் ஒன்று பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை, அடுக்கம் வழியாகச் செல்கிறது. பழையதும் பெரியதுமான மற்றொரு பாதை வத்தலக்குண்டு வழியாகச் செல்கிறது. மலைக்குப் போகிறவர்கள் கடந்துபோகும் ஊராகவே பலரும் வத்தலக்குண்டை அறிவார்கள். ஆனால் நவீனத் தமிழ் இலக்கியத்தில் இவ்வூருக்குத் தனி இடம் உண்டு. 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய பி.ஆர். ராஜமையர் 1872இல் இங்கே பிறந்தார். மணிக்கொடி இதழைச் சிறுகதை இதழாக நடத்திய பி.எஸ். ராமையாவும் இவ்வூர்க்காரர். கம்பம் பள்ளத்தாக்கின் சின்னமனூரில் 1912இல் பிறந்த சி.சு. செல்லப்பா, தாயின் ஊரான வத்தலக்குண்டில் வளர்ந்தார்.

இம்மூவரும் இதழ்களோடு பிணைந்தவர்கள். அது தற்செயல் அன்று. அக்காலத்தில் நாவலோ சிறுகதையோ வாசகரை அடைய இதழே முதன்மையான வழியாக இருந்தது.

தொடர்கதை என்னும் வழி

மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் நூலாக வெளிவந்தது. தமிழில் உரைநடைக் கதை நூல்கள் இல்லாத குறையைத் தீர்ப்பதே நோக்கம் என்று ஆசிரியர் முன்னுரையில் விளக்கினார். அதாவது, நாவலை விற்கும் முன் நாவல் என்றால் என்ன என்பதையே வாசகருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. இல்லாத பழக்கத்தை உண்டாக்குவதுதான் முதல் நாவலாசிரியர் எதிர்கொண்ட சிக்கல்.

ராஜமையர் காலத்தில் அதற்கு ஒரு விடை கிடைத்தது. சி.வி. சுவாமிநாதையர் நடத்திய 'விவேக சிந்தாமணி' மாத இதழில் 1893 முதல் 1895 வரை 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்' தொடராக வந்தது. 1896இல் அது நூலாயிற்று. தொடரைப் படித்தவர்களே நூலின் முதல் வாசகர்கள். நூல் அச்சாகும் முன்பே அதன் பெயரும் பாத்திரங்களும் அறிமுகமாகியிருந்தன. இங்கிலாந்தில் சார்லஸ் டிக்கன்ஸ் 1836இல் 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலை மாதப் பகுதிகளாக வெளியிட்டபோது இதே முறை பெரும் வெற்றி கண்டது. விலை அதிகமான நூலை ஒரே தவணையில் வாங்க முடியாதவர் சிறு தொகை கொடுத்துப் பகுதி பகுதியாகப் படிக்கலாம். அடுத்த பகுதிக்கான ஆவலே விளம்பரமாக அமையும்.

ராஜமையர் 1898இல், 26 வயதில் காலமானார். தன் நாவலுக்கு எவ்வளவு நீண்ட ஆயுள் அமையப்போகிறது என்பதைக் காண அவருக்கு வாய்க்கவில்லை.

கையொப்பமும் வி.பி.பி.யும்

இதழுக்கு வெளியே வேறு இரு வழிகளும் இருந்தன. முதலாவது, கையொப்பம் வாங்குதல். நூல் அச்சாகும் முன்பே இத்தனை பிரதிகள் பெற்றுக்கொள்வதாகச் செல்வந்தர்களிடமும் ஆர்வலர்களிடமும் உறுதி பெறும் முறை இது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க இவ்வாறே கையொப்பம் சேர்த்தார். இன்றைய முன்பதிவுத் திட்டத்தின் மூத்த வடிவம் இது. பழைய இலக்கியத்துக்குக் கைகொடுத்த புரவலர்கள் கதைப் புத்தகத்துக்கு அதே மதிப்பை அளிக்கவில்லை. ஆகவே நாவலாசிரியர் முகம் தெரியாத வாசகரையே நம்ப வேண்டியிருந்தது.

இரண்டாவது வழி அஞ்சல். இந்திய அஞ்சல் துறை 1877இல் வி.பி.பி. முறையைத் தொடங்கியது. வாசகர் ஒரு கடிதம் எழுதினால் போதும். புத்தகம் வீட்டுக்கு வரும். தபால்காரர் பணத்தை வாங்கிக்கொண்டு கட்டைக் கொடுப்பார். அந்தப் பணம் பதிப்பித்தவருக்குப் போய்ச் சேரும். புத்தகக் கடை இல்லாத ஊர்களும் இதனால் சந்தைக்குள் வந்தன. நாவலின் பின்னட்டையிலும் உள்பக்கங்களிலும் அதே ஆசிரியரின் மற்ற நாவல்களுக்கு விலைப்பட்டியல் அச்சிடும் வழக்கத்துக்கு இதுவே காரணம். ஒரு நூலே அடுத்த நூலுக்கு விளம்பரத் தாளாயிற்று.

பாரதியின் கணக்கு

தன் நூல்களைப் பரப்ப ஒரு தமிழ் எழுத்தாளர் தீட்டிய திட்டங்களில் மிகத் துணிச்சலானது சுப்பிரமணிய பாரதியுடையது. 1920இல் கடையத்தில் இருந்தபோது நண்பர்களுக்கும் ஆதரவாளர்களுக்கும் அவர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். புதுச்சேரி வாழ்க்கையின்போது சேர்ந்த கையெழுத்துப் பிரதிகளை 40 நூல்களாகப் பிரிப்பது, ஒவ்வொன்றையும் 10,000 பிரதிகள் அச்சிடுவது என்பது திட்டம். தொடக்கச் செலவு 20,000 ரூபாய். ஓராண்டில், மிஞ்சினால் இரண்டாண்டில், ஒன்றரை லட்சம் ரூபாய் நிகர லாபம் வரும் என்று எதிர்பார்த்தார். ஒவ்வொருவரும் குறைந்தது 100 ரூபாய் கடனாகத் தர வேண்டும், மேலும் 20 நண்பர்களையும் தரச் செய்ய வேண்டும், மாதம் 2 சதவீதம் வட்டி தரப்படும் என்றும் எழுதினார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலத் தன் நூல்கள் எங்கும் விற்கும் என்பது அவரது நம்பிக்கை.

இதைக் கவிஞரின் கனவு என்று ஒதுக்குவது எளிது. கணக்கைப் பிரித்துப் பார்த்தால் வேறொன்று தெரியும். 40 நூல்கள், 10,000 பிரதிகள் என்றால் மொத்தம் 4 லட்சம் பிரதிகள். ஒன்றரை லட்சம் லாபம் என்பது ஒரு பிரதிக்கு 6 அணா. இது பேராசை அன்று. ஆளுக்கு 100 ரூபாய் என்றால் 200 பேர் கடன் கொடுத்தால் போதும். வட்டி ஆண்டுக்கு 4,800 ரூபாய் ஆகும். எல்லாப் பிரதிகளும் விற்றால் அதைக் கட்டிவிடலாம்.

பிழை விலையிலோ வட்டியிலோ இல்லை. நான்கு லட்சம் பிரதிகளை வாங்குபவர் யார், அவர் எங்கே இருக்கிறார், அவரிடம் யார் கொண்டு சேர்ப்பது என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது. தீப்பெட்டிக்கு ஊர்தோறும் கடை இருந்தது. கவிதைக்கும் கதைக்கும் அப்படி இல்லை. பணம் சேரவில்லை. 1921 செப்டம்பரில் பாரதி காலமானார். அவர் எழுதத் தொடங்கிய 'சந்திரிகையின் கதை' நாவல் முற்றுப்பெறாமலே நின்றது. பாரதியின் நூல்கள் லட்சக்கணக்கில் விற்கும் காலம் பிறகு வந்தது. அவற்றின் உரிமை 1949இல் அரசின் கைக்குச் சென்று பின்னர் பொதுவுடைமையானது அதற்குப் பெரிதும் உதவியது. வாசகர் எண்ணிக்கை பற்றிய அவரது மதிப்பீடு தவறவில்லை, காலக் கணக்குதான் தவறியது.

சொந்த அச்சகம், சொந்த இதழ்

அடுத்த தலைமுறை அந்தக் காலியிடத்தை இதழால் நிரப்ப முயன்றது. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையா உப்பு, ஆயத்தீர்வைத் துறைப் பணியிலிருந்து விலகியபின் சொந்த அச்சகம் வைத்தார். 1924இல் 'பஞ்சாமிர்தம்' இதழைத் தொடங்கினார். கால் நூற்றாண்டுக்கு முன் இரு பாகங்களாக வந்த 'பத்மாவதி சரித்திரத்தின்' மூன்றாம் பாகத்தை அதிலேயே எழுதினார். 1925 அக்டோபரில் சென்னைப் பல்கலைக்கழகக் கூட்டமொன்றில் தமிழுக்காகப் பேசி முடித்ததும் அங்கேயே உயிர்நீத்தார். மூன்றாம் பாகம் முடியவில்லை. எழுத்தாளரே ஆசிரியர், அச்சகர், வெளியீட்டாளர் என்றிருந்தால் அவரோடு எல்லாம் நின்றுவிடும் என்பதற்கு இது ஒரு சான்று.

வணிக வெற்றி கண்டவர்கள் வேறு பாதையில் சென்றார்கள். துப்பறியும் கதைகள் எழுதிய வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் 'மனோரஞ்சனி' இதழ் வழியாகத் தன் நாவல்களுக்கு வாசகர் கூட்டத்தைச் சேர்த்தார். இவ்வழியில் நீண்ட காலம் நிலைத்தவர் வை.மு. கோதைநாயகி அம்மாள். அவர் 1925இல் 'ஜகன்மோகினி' இதழை வாங்கித் தன் பொறுப்பில் நடத்தினார். முதல் நாவலான 'வைதேகி' முதல் அவரது நாவல்கள் அதில் தொடராக வந்து நூல்களாயின. அவர் எழுதியவை 115 நாவல்கள். ஏறத்தாழ 35 ஆண்டுகள் இதழ் நடந்தது.

கோதைநாயகியின் வெற்றிக்குக் காரணங்களைக் கணக்கிடலாம். ஒன்று, வாசகர் யார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வீட்டில் இருந்து படிக்கும் பெண்களை முன்வைத்தே அவர் எழுதினார். இரண்டு, மாதம் தவறாமல் அவர்களைச் சந்திக்க இதழ் இருந்தது. மூன்று, அவர் நல்ல மேடைப் பேச்சாளர், பாடகர், விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். மேடையில் அவரைக் கேட்டவர் இதழைத் தேடினார், இதழைப் படித்தவர் நூலை வாங்கினார். இன்று சமூக ஊடகத்தில் எழுத்தாளர்கள் தேடும் மூன்றும் அவரிடம் இருந்தன: குறிப்பிட்ட வாசகர், தொடர்ந்த சந்திப்பு, எழுத்துக்கு வெளியே ஒரு முகம்.

பெரும் இதழ்களின் காலம்

1940களில் இந்த வேலை எழுத்தாளர் கையிலிருந்து இதழ் நிறுவனங்களுக்கு மாறியது. 1941இல் தொடங்கிய 'கல்கி' வார இதழில் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தியின் நாவல்கள் தொடராக வந்தன. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வெளிவந்தது. அட்டைப்படம், ஓவியரின் கோட்டோவியம், வாரந்தோறும் ஒரு திருப்பம் ஆகியவை சேர்ந்து நாவலை ஊர்ப் பேச்சாக்கின. பலர் இதழ்ப் பக்கங்களைக் கிழித்து, தைத்து, நூலாகப் பாதுகாத்தார்கள். நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' அவ்விதழில் தொடராக வந்தபின், அதன் பாத்திரங்களான பூரணி, அரவிந்தன் என்ற பெயர்களைக் குழந்தைகளுக்கு வைத்த வாசகர்கள் பலர்.

இது எழுத்தாளருக்கு வசதியான ஏற்பாடு. ஆனால் வார இதழின் அளவுக்கும் சுவைக்கும் அடங்கிய நாவலுக்கே அந்த வாசல் திறந்தது. அதற்கு அடங்காத நாவலை எழுதியவர் என்ன செய்வது? செல்லப்பாவின் கதை இந்தக் கேள்வியில் தொடங்குகிறது.

தோளில் சுமந்த நூல்கள்

செல்லப்பா விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். மணிக்கொடியில் எழுதியவர். 'தினமணி கதிர்' இதழில் பணியாற்றியவர். பெரிய இதழ்களின் இயல்பை உள்ளிருந்து அறிந்தவர். 1959 ஜனவரியில் சென்னை திருவல்லிக்கேணியிலிருந்து 'எழுத்து' இதழைத் தொடங்கினார். விமர்சனத்துக்கும் புதுக்கவிதைக்கும் இடம் தந்த அந்தச் சிற்றிதழ் 1970 வரை 119 இதழ்கள் வந்தது. அதன் பெயரிலேயே 'எழுத்து பிரசுரம்' என்ற பதிப்பகத்தையும் நடத்தினார். ஜல்லிக்கட்டைக் களமாகக் கொண்ட 'வாடிவாசல்' 1959இலும், 'எழுத்து' இதழில் தொடராக வந்த 'ஜீவனாம்சம்' 1962இலும் நூல்களாயின. 24 கவிஞர்களின் கவிதைகள் அடங்கிய 'புதுக்குரல்கள்' தொகுப்பும் 1962இல் வந்தது.

நூல்களை அச்சிட்டார். விற்பது எப்படி? கடைகள் சிற்றிதழ்ப் பதிப்பகத்தின் நூல்களை விரும்பி வைக்கவில்லை. வைத்தாலும் விலையில் கணிசமான பங்கு கழிவாகப் போகும், மீதிப் பணம் வரத் தாமதமாகும். விளம்பரத்துக்குப் பணம் இல்லை. செல்லப்பா புத்தகக் கட்டைத் தோளில் சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போனார். தமிழ்த்துறைகளில் ஆசிரியர்களைச் சந்தித்தார். மாணவர்களிடம் பேசினார். பேச்சு முடிந்ததும் புத்தகத்தை விற்றார். அவர் காலத்திலேயே இது ஓர் இலக்கியக் கதை போலப் பேசப்பட்டது.

இதைத் தியாகம் என்று மட்டும் புகழ்வது போதாது. இதற்குள் ஒரு தெளிவான திட்டம் இருந்தது. புதுக்கவிதையையும் நனவோடை நாவலையும் படிக்கத் தயாராக இருக்கக்கூடியவர் யார் என்று அவர் யோசித்திருக்கிறார். அவர் குடும்ப வார இதழின் வாசகர் அல்லர், கல்லூரியில் இலக்கியம் படிக்கும் இளைஞர். அவர் இருக்கும் இடம் தெரியும். அங்கே போக ஒரு பேருந்துச் சீட்டு போதும். நேரில் பேசும்போது நூலைப் பற்றிய ஐயங்களுக்கு விடை சொல்லலாம். ஒருவர் வாங்கினால் அவர் அறைத்தோழர்களும் படிப்பார்கள். பாரதியின் திட்டத்தில் காலியாக இருந்த இடத்தைச் செல்லப்பா தன் கால்களால் நிரப்பினார். பாரதி நான்கு லட்சம் பிரதிகளில் தொடங்கினார். செல்லப்பா ஒரு பிரதியில் தொடங்கினார்.

அதன் விலையும் பெரிது. இதழும் பதிப்பகமும் அவருக்கு வருமானம் தரவில்லை, இருந்ததையும் கரைத்தன. வாழ்நாள் முழுதும் பண நெருக்கடியில் இருந்தார். பயணத்தில் கழிந்த நாட்கள் எழுத்திலிருந்து எடுக்கப்பட்டவை. பரிசுகள் விஷயத்திலும் அவர் பிடிவாதக்காரர். முதுமையில் ஒரு விருதுத் தொகையைக் கைநீட்டி வாங்க மறுத்து, அதைக்கொண்டு தன் நூல் ஒன்றை அச்சிடச் செய்தார். பணத்தைவிட அச்சான நூலே பெரிது என்பது அவரது கணக்கு.

'சுதந்திர தாகம்'

விடுதலைப் போராட்ட காலத்தைப் பற்றிய 'சுதந்திர தாகம்' நாவல் மூன்று பாகங்களில், ஏறத்தாழ 1,800 பக்கங்களாக 1997இல் வந்தது. அப்போது செல்லப்பாவுக்கு வயது 85. அந்த அளவுள்ள நாவலைத் தானே வெளியிட்டார். வணிகக் கணக்குப்படி இது செய்யக்கூடாத காரியம். பெரிய நூல், அதிக விலை, முதிய ஆசிரியர், சுமந்து செல்ல முடியாத எடை. 1998 டிசம்பரில் அவர் காலமானார். மூன்றாண்டுகள் கழித்து, 2001இல் அந்நாவலுக்குச் சாகித்திய அகாதமி விருது அறிவிக்கப்பட்டது.

'வாடிவாசல்' வேறொரு வழியில் நிலைத்தது. காலச்சுவடு பதிப்பாக வந்து பல அச்சுகள் கண்டது. என். கல்யாணராமன் மொழிபெயர்ப்பில் 2013இல் 'அரீனா' என்ற பெயரில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஜல்லிக்கட்டு பற்றிய பொது விவாதங்கள் எழுந்தபோதெல்லாம் வாசகர்கள் அந்தச் சிறு நாவலைத் தேடினார்கள். ஆசிரியர் தோளில் சுமந்து விற்ற நூலை இன்று விற்க எவரும் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் அதை அடுத்த தலைமுறைக்குச் சொன்னவர்களில், அன்று கல்லூரிகளிலும் 'எழுத்து' வட்டத்திலும் அவரைச் சந்தித்தவர்களும் உண்டு.

ஈழத்திலும் இதற்கு ஓர் இணை உண்டு. 1966இல் யாழ்ப்பாணத்தில் 'மல்லிகை' இதழைத் தொடங்கிய சிறுகதையாசிரியர் டொமினிக் ஜீவா, தன் முடிதிருத்தகத்தையே அலுவலகமாகக் கொண்டு, இதழைத் தானே எடுத்துச் சென்று விற்றார். வாசகரைத் தேடிப் போவதைக் குறைவாக எண்ணாத மரபு கடலுக்கு இருபுறமும் இருந்தது.

நூலகமும் கண்காட்சியும் திரையும்

1948இல் இயற்றப்பட்ட சென்னைப் பொது நூலகச் சட்டம் மற்றொரு வாசலைத் திறந்தது. அதன்வழி வளர்ந்த கிளை நூலகங்கள், கடை இல்லாத ஊர்களின் வாசகருக்கும் நாவலைக் கொண்டு சென்றன. நூலக ஆணை கிடைத்தால் ஒரு பதிப்பின் பெரும்பகுதி விற்றுவிடும் என்பதால், பதிப்பகங்கள் அதை நம்பியே அச்சிட்ட காலமும் உண்டு. 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் கண்காட்சி, எழுத்தாளரும் வாசகரும் ஆண்டுக்கொரு முறை நேரில் சந்திக்கும் இடமாயிற்று. 2016இன் இறுதியில் கிண்டில் தளம் தமிழை ஏற்றது. தேவைக்கேற்ப அச்சிடும் முறை வந்தபின், ஆயிரம் பிரதிகளை அச்சிட்டு வீட்டுப் பரணில் அடுக்கிவைக்கும் கட்டாயம் குறைந்தது.

மதிப்பீடு

கருவிகள் மாறினாலும் நாவலாசிரியர் விடை காண வேண்டிய கேள்விகள் மாறவில்லை. இந்த வரலாற்றிலிருந்து அவற்றைத் தொகுக்கலாம்.

முதலாவது, இந்த நாவலின் வாசகர் யார்? 'எல்லோரும்' என்பது விடையாகாது. கோதைநாயகிக்கும் செல்லப்பாவுக்கும் இலக்கியப் பார்வையில் ஒற்றுமை ஏதுமில்லை. ஆனால் இருவரும் தம் வாசகரைப் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்கு அறிந்திருந்தார்கள்.

இரண்டாவது, நூல் வரும் முன்பே வாசகரைச் சந்தித்துவிட்டோமா? ராஜமையர் காலத்திலிருந்து தொடர், கையொப்பம், சந்தா எல்லாம் செய்தது இதைத்தான். நூல் வெளியான நாளில் தொடங்கும் விளம்பரம் காலம் கடந்தது.

மூன்றாவது, எத்தனை பிரதி, யார் பணம்? எடுத்துக்காட்டாக, 300 ரூபாய் விலையுள்ள நாவலை 500 பிரதிகள் அச்சிட 55,000 ரூபாய் ஆகிறது என்று கொள்வோம். கடைக்கு 35 சதவீதம் கழிவு போனால் பிரதிக்கு 195 ரூபாய் கிடைக்கும். 283 பிரதிகள் விற்றால்தான் போட்ட பணம் திரும்பும். தபால் செலவை வாங்குபவர் ஏற்க, நேரடியாக விற்றால் 184 பிரதிகள் போதும். இந்த 99 பிரதிகளின் வேறுபாடுதான் செல்லப்பாவைப் பேருந்தில் ஏற்றியது. அந்தப் பயணத்தின் செலவையும் நாட்களையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

நான்காவது, எழுதுவதற்கு எவ்வளவு காலம் மிஞ்சும்? மாதவையாவின் முடியாத மூன்றாம் பாகமும் செல்லப்பாவின் முதுமை வரை காத்திருந்த பெருநாவலும் இக்கேள்வியை எழுப்புகின்றன. விற்பனைக்கான திட்டத்தில் எழுத்துக்கான நாட்களையும் ஒதுக்கிவைக்க வேண்டும்.

ஐந்தாவது, வெற்றியை எந்தக் காலத்தில் அளப்பது? முதல் ஆண்டு விற்பனையைக் கொண்டு அளந்தால் செல்லப்பா தோற்ற வணிகர். நாற்பது ஆண்டுகளுக்குப்பின் அளந்தால், அவர் நூல் படிக்கப்படுகிறது. ஆனால் இந்த இரண்டாம் அளவுகோலைச் சொல்லி எழுத்தாளரின் வறுமையை நியாயப்படுத்துவது தவறு. பின்னால் வந்த புகழ் அவருடைய அன்றாடச் செலவுக்கு உதவவில்லை. தமிழ்ச் சமூகம் தன் நாவலாசிரியர்களை விற்பனையாளர்களாகவும் இருக்கச் செய்தது அவர்கள் விரும்பியதால் மட்டுமன்று, வேறு ஆள் இல்லாததாலும்தான்.

இன்று ஒருவர் தன் நாவலுக்கு இணையத்தில் அறிவிப்பு வெளியிடும்போதும், நண்பர்களிடம் முன்பதிவு கேட்கும்போதும் ஒருவிதக் கூச்சம் ஏற்படுவது இயல்பு. எழுதுகிறவர் விற்கலாமா என்ற தயக்கம் அது. ராஜமையரும் பாரதியும் மாதவையாவும் கோதைநாயகியும் அந்த விடையைத் தம் வாழ்க்கையால் சொல்லியிருக்கிறார்கள். வத்தலக்குண்டில் வளர்ந்த ஒருவர் அதைத் தோளில் புத்தகக் கட்டோடு சொன்னார்.